மழை விட்டுவிட்டது, விமானம் ஏன் இன்னும் கிளம்பவில்லை?

"வெளியே பாருங்கள், தூறல்கூட இல்லை. எதற்காக எங்களை இன்னும் உட்கார வைத்திருக்கிறீர்கள்?"

புயல் நாளில் விமான நிலையத்தில் வேலை செய்யும் யாரும் இந்தக் கேள்வியை எதிர்கொள்ளாமல் வீடு திரும்ப முடியாது. சென்னையில் தரைப்பணியில் இருந்த ஆண்டுகளில் நானும் பல நூறு முறை எதிர்கொண்டிருக்கிறேன். கேட்டவர்கள்மீது எனக்குக் கோபம் வந்ததில்லை. ஒருவர் மறுநாள் காலை துபாயில் வேலையில் சேர வேண்டியவராக இருப்பார். இன்னொருவர் தந்தையின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க ஊருக்குப் போகிறவராக இருப்பார். அவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் கவுன்டரில் நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பெண், பின்னால் இருநூறு பேர் வரிசையில் நிற்கும்போது, அதற்கு முழுப் பதிலையும் சொல்ல முடியாது. 'வானிலை சரியில்லை' என்று மட்டும் சொல்கிறாள். கேட்பவர் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார், வானம் வெளுத்திருக்கிறது. அவள் பொய் சொல்கிறாள் என்று முடிவு செய்துவிடுகிறார்.

அவள் பொய் சொல்லவில்லை. 'வானிலை' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு காரணங்கள் அடங்கியிருக்கின்றன. இந்தத் துறையைப் பற்றி எதுவுமே தெரியாதவருக்கும் புரியும்படி அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தேரும் முட்டுக்கட்டையும்

தேர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் நிற்கிறார்கள். நல்ல நேரமும் வந்துவிட்டது. ஆனாலும் தேர் உடனே நகர்ந்துவிடாது. வீதியின் குறுக்கே போகும் கம்பிகளை அவிழ்த்தாயிற்று என்று மின்வாரிய ஊழியர் சொல்ல வேண்டும். கூட்டம் ஒதுங்கிவிட்டது என்று போலீஸ்காரர் கைகாட்ட வேண்டும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு குந்தியிருப்பவர் கட்டையை உருவ வேண்டும். இவர்களில் எவர் 'பொறு' என்றாலும் ஆயிரம் பேரின் பலமும் நிற்கத்தான் வேண்டும்.

விமானமும் அப்படித்தான். அதன் சக்கரத்துக்கு அடியிலும் உண்மையிலேயே முட்டுக்கட்டை இருக்கிறது. அதைச் 'சாக்' என்போம். விமானியிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே கீழே இருப்பவர் அதை எடுப்பார். விமானி 'சரி' என்பதற்குள் வேறு பலர் சரி சொல்லியிருக்க வேண்டும்: வானிலை அலுவலகத்தின் அறிக்கை, ஓடுபாதையைச் சோதித்தவர், எரிபொருள் நிரப்பியவர், பெட்டிகளை ஏற்றியவர், கோபுரத்தில் இருந்து விமானங்களை வரிசைப்படுத்தும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். ஒவ்வொருவர் கையிலும் தனித்தனி எல்லைக்கோடு இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் 'சரி' சொல்ல வேண்டும், 'இல்லை' என்று சொல்ல மட்டும் ஒருவர் போதும்.

மழை அல்ல, காற்று

விமானத்தை நிறுத்துவது மழை என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். மழை தனியாக வந்தால் பெரும்பாலும் தாமதத்தோடு போய்விடும். நிலையத்தையே மூட வைப்பது காற்றுதான்.

விமானம் எதிர்க்காற்றில் ஏறி, எதிர்க்காற்றில் இறங்கவே விரும்பும். பட்டம் ஏற்றும் சிறுவனுக்கே இது தெரியும். அவன் காற்றை எதிர்த்துத்தான் ஓடுவான். ஆனால் ஓடுபாதையைக் காற்று திரும்புகிற பக்கமெல்லாம் திருப்பிவைக்க முடியாது. சென்னையின் முக்கிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07, மறுமுனையில் 25 என்று எண். அவை திசைகாட்டியின் 70 பாகை, 250 பாகையைச் சுருக்கி எழுதியவை. அதாவது பாதை ஏறத்தாழ கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கிழக்குக் காற்று எவ்வளவு பலமாக அடித்தாலும் ஓரளவு சமாளிக்கலாம். அதே காற்று வடக்கிலிருந்து வந்தால் விலாவில் இடிக்கும். இதற்குக் குறுக்குக் காற்று என்று பெயர்.

வெள்ளம் ஓடும் ஆற்றில் பரிசல் ஓட்டுபவர் நேர் எதிர்க்கரையை அடைய வேண்டுமானால், பரிசலை நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்துத்தான் செலுத்துவார். விமானியும் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து பாதையை நோக்கி வருகிறார். தரையைத் தொடும் கணத்தில் மூக்கை நேராக்க வேண்டும். அந்த ஓரிரு விநாடியில் ஒரு வீச்சு வந்து இடித்தால் இறக்கை சாயும். 2024 நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயலின்போது, சென்னையில் ஒரு விமானம் ஓடுபாதைக்கு மிக அருகில் ஆடி, இறங்காமல் மீண்டும் மேலெழுந்த காட்சியை நாடே பார்த்தது. பார்த்தவர்கள் பலர் அதை விபத்திலிருந்து மயிரிழையில் தப்பியதாகப் பேசினார்கள். மேலெழுவது விமானிகள் திரும்பத் திரும்பப் பயிற்சி எடுத்த சாதாரண நடைமுறை. எல்லை மீறுகிறது என்று தெரிந்ததும் விட்டுவிட்டு ஏறினார். அன்று விமானி செய்ததுதான் சரி.

அந்த எல்லைக்கு எண் உண்டு. ஏர்பஸ் 320 வகை விமானம் சோதனையில் சமாளித்துக் காட்டிய குறுக்குக் காற்று 38 நாட், அதாவது மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். பாதை நனைந்திருந்தால் விமான நிறுவனங்கள் இதைவிடக் குறைவாகவே எல்லை வைத்துக்கொள்ளும். புயல் கரையைக் கடக்கும் நாளில் இந்த அளவைத் தாண்டுவது சர்வ சாதாரணம்.

பின்னாலிருந்து தள்ளும் காற்றும் ஆபத்துதான். அது விமானத்தை நினைத்த இடத்தைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கும். நிற்க மிச்சமிருக்கும் பாதை குறைந்துவிடும். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில், மழை இரவில், பின்காற்றோடு இறங்கிய விமானம் பாதையில் வெகுதூரம் தள்ளித் தரைதொட்டு, முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். எல்லைக்கோட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த இரவு நினைவுக்கு வரும்.

இன்னொன்று, கண்ணுக்கே தெரியாதது. ஒரு குடம் தண்ணீரை முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்த்தால் அது தரையில் மோதி நாலாபக்கமும் சிதறும். இடிமேகம் சில சமயம் குளிர்ந்த காற்றை அப்படித்தான் கவிழ்க்கிறது. அதற்குள் நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று கூடும், சற்றுத் தூரத்தில் அதே காற்று பின்காற்றாக மாறிவிடும். தூக்கிப் பிடித்த கையைத் திடீரென்று விட்டதுபோல விமானம் இறங்கும். 1985இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இதில் சிக்கி ஒரு பெரிய விமானம் விழுந்தது. அதற்குப் பிறகுதான் இத்தகைய காற்றைக் கண்டுபிடிக்கும் கருவிகள் பரவலாயின. நிலையத்தின் மேல் வானம் வெளுத்திருந்தாலும், இறங்கும் வழியில் பல்லாவரத்துப் பக்கம் ஒரு கருமேகம் நின்றால் போதும், விமானங்கள் காத்திருக்கும்.

இதுவரை சொன்னதில் நினைவில் வைக்க வேண்டியது இது: காற்றின் வேகத்தைவிட அது எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு சீக்கிரம் திசை மாறுகிறது என்பதே முக்கியம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு இரண்டுமே தெரியாது.

மின்னல் அடித்தால் யார் ஆபத்தில் இருக்கிறார்?

விமானத்தை மின்னல் தாக்குவது அபூர்வம் அல்ல. ஒரு பயணிகள் விமானம் சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறையாவது தாக்கப்படுகிறது. மின்னோட்டம் வெளித்தோல் வழியாகவே ஓடி வெளியேறிவிடுவதால் உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அப்படியானால் எதற்காக மின்னலுக்கு வேலையை நிறுத்துகிறார்கள்?

வெளியே இருப்பவர்களுக்காக. விமானங்கள் நிற்கும் கான்கிரீட் வெளியை ஏப்ரன் என்போம். அங்கே மரம் இல்லை, கூரை இல்லை. இருப்பதில் உயரமானவற்றில் ஒன்று விமானத்தின் வால். அதன் மூக்குக்குக் கீழே ஒருவர் மழைக்கோட்டுடன் நிற்பார். காதில் தடித்த ஹெட்செட் மாட்டியிருப்பார். அதிலிருந்து தொங்கும் கம்பி மேலே போய் விமானத்தின் உடம்பில் செருகியிருக்கும். விமானியோடு அவர் பேசுவது அந்தக் கம்பி வழியாகத்தான். விமானத்தின் வாலில் மின்னல் விழுந்தால் தரைக்குப் போக அதற்கு ஒரு பாதை வேண்டும். அந்தக் கம்பியும் அதன் முனையில் நிற்கும் மனிதரும் அந்தப் பாதையாகிவிடக் கூடும். இப்படி அடிபட்ட தரைப்பணியாளர்கள் உலகில் பல இடங்களில் உண்டு.

அதனால்தான் மின்னல் குறிப்பிட்ட தொலைவுக்குள் வந்ததும் எச்சரிக்கை ஒலிக்கும். எத்தனை கிலோமீட்டர் என்பது நிலையத்துக்கு நிலையம் மாறும். ஒலித்ததும் ஏப்ரனில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள்ளே ஓடி வர வேண்டும். எரிபொருள் நிரப்புவது நிற்கும். பெட்டி ஏற்றுவது நிற்கும். இறங்கி வந்த விமானத்துக்கு ஏணி வைக்கவும் ஆள் இருக்காது. பத்திரமாக இறங்கிவிட்ட விமானத்துக்குள் முக்கால் மணி நேரம் அடைத்து வைத்தார்கள் என்ற கசப்பு பலருக்கு உண்டு. அந்த முக்கால் மணி நேரம் பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கும்.

மின்னலைக் கண்டு இடியைக் கேட்கும் வரை எண்ணிப் பாருங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். பதினைந்து எண்ணினால் மின்னல் ஐந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மழை திரிசூலம் மலையைத் தாண்டிப் போயிருக்கலாம், மின்னல் போயிருக்காது. கடைசி மின்னலுக்குப் பிறகும் சிறிது நேரம் காத்திருந்துதான் ஆட்களை வெளியே விடுவார்கள். இந்த ஒரு நிறுத்தத்தைப் பற்றி மட்டும் யாராவது குறைபட்டுக்கொண்டால் எனக்கு மனம் வலிக்கும். அந்த வெளியில் எனக்குத் தெரிந்த முகங்கள் இருந்தன.

தெரியும் தூரமும் தேங்கும் நீரும்

இறங்கும்போது விமானி கடைசியில் பாதையின் விளக்குகளைக் கண்ணால் பார்க்க வேண்டும். பாதையில் எவ்வளவு தூரம்வரை தெரிகிறது என்பதைக் கருவி அளந்து சொல்லும். சாதாரண கருவி வழித் தரையிறக்கத்துக்கு 550 மீட்டராவது தெரிய வேண்டும். மேம்பட்ட கருவிகளும் அதற்கான பயிற்சியும் இருந்தால் இன்னும் குறைவான தூரத்திலும் இறங்கலாம். இதனால்தான் டெல்லிப் பனிமூட்டத்தில் ஒரு விமானம் இறங்கும், அடுத்தது திரும்பிப் போகும். அங்கே பாரபட்சம் எதுவும் இல்லை. சென்னையில் பனியைவிடப் புகை இதைச் செய்திருக்கிறது. 2018 போகி அன்று காலை பழைய பொருள்களை எரித்த புகையில் பாதை தெரியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன.

நீர் வேறு விதமான பிரச்சினை. ஈரச் சாலையில் வேகமாகப் போகும் பைக் பிரேக் பிடித்தும் வழுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். டயருக்கும் தரைக்கும் நடுவே நீர் ஒரு ஏடுபோலப் படிந்துவிட்டால் டயர் தரையைத் தொடாது. ஓடுபாதையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீர் நின்றாலே அது 'நனைந்த பாதை' என்ற கணக்கிலிருந்து மோசமான வகைக்குப் போய்விடும். அரிசியின் தடிமனைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பாதையின் நிலையை 0 முதல் 6 வரை ஓர் எண்ணால் விமானிக்குச் சொல்வார்கள். 6 என்றால் காய்ந்தது. எண் குறையக் குறைய நிற்கத் தேவையான தூரம் கூடும்.

2015 டிசம்பரில் நடந்தது மில்லிமீட்டர் கணக்கு அல்ல. சென்னையின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின்மேல் பாலமாகப் போகிறது. ஆறு கரை மீறியபோது டிசம்பர் 1 இரவு நிலையம் மூடப்பட்டது. பயணிகள் விமானங்கள் டிசம்பர் 6 அன்றுதான் மீண்டும் இயங்கின. இடையில் அரக்கோணத்துக் கடற்படைத் தளத்திலிருந்து சிறப்பு விமானங்கள் போயின. நீர் வடிந்த பிறகும் விளக்குகள், மின் இணைப்புகள், சேறு, உடைந்த சுற்றுச்சுவர் என்று ஒவ்வொன்றையும் சோதித்தாக வேண்டியிருந்தது.

சுருக்கமாக: தெரியவில்லை என்றால் இறங்க முடியாது, நீர் நின்றால் இறங்கினாலும் நிற்க முடியாது.

மேலே சுற்றிக்கொண்டிருப்பவர்கள்

இறங்க முடியாத விமானம் பந்தய மைதானம்போல நீண்ட வட்டத்தில் சுற்றும். ஒரு சுற்றுக்கு நாலைந்து நிமிடம் ஆகும். எவ்வளவு நேரம் சுற்றலாம் என்பதை எரிபொருள் தீர்மானிக்கிறது. போகும் ஊருக்கு வேண்டியது, அங்கே முடியாவிட்டால் மாற்று ஊருக்கு வேண்டியது, அதற்கும் மேல் அரை மணி நேரத்துக்கானது என்று கணக்கிட்டே நிரப்பியிருப்பார்கள். அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் கை வைக்காமல் விமானம் மாற்று ஊருக்குப் புறப்பட வேண்டும். இதையே டைவர்ஷன் என்கிறோம். சென்னைக்கு வர வேண்டியவை பெங்களூரு, ஐதராபாத், திருச்சி என்று போகும்.

"பெங்களூரு வரை போக முடிகிற விமானம் இன்னும் பத்து நிமிடம் சுற்றக் கூடாதா?" என்று கேட்பார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கான எரிபொருள்தான் பெங்களூருவில் கூட்டம் நெரிந்து காத்திருக்கும்போது கைகொடுக்க வேண்டியது.

மழை விட்ட பிறகு தொடங்கும் வேலை

இனிச் சொல்லப்போவதுதான் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்ட பகுதி.

உங்கள் கேட்டில் நிற்க வேண்டிய விமானம் உங்களுக்கென்று ஒதுக்கி வைத்த வண்டி அல்ல. டவுன் பஸ்ஸைப்போல அது நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும்: காலையில் மதுரை, திரும்பச் சென்னை, பிறகு மும்பை, அங்கிருந்து கோவை, மாலையில் மறுபடி சென்னை. நடுவில் ஒரு டிரிப் கெட்டால் அதற்குப் பிறகுள்ள எல்லாமே கெடும். நீங்கள் சென்னையில் வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் விமானம் பெங்களூருவில் நின்றுகொண்டிருக்கலாம்.

விமானம் வந்து சேர்ந்தாலும் ஓட்ட ஆள் வேண்டும். விமானிகளுக்குச் சட்டப்படி பணிநேர வரம்பு உண்டு. அவர்கள் நிலையத்துக்கு வந்து வேலைக்குப் பதிவு செய்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். விமானம் பறக்காமல் நிற்கும் நேரமும் அதில் சேரும். இந்திய விதிகளில் இருவர் ஓட்டும் விமானத்துக்கு உச்ச அளவு 13 மணி நேரம். இரவு வேலையும் தரையிறக்கங்களின் எண்ணிக்கையும் கூடினால் அது இன்னும் குறையும். நாலு மணி நேரம் மழைக்காகக் காத்திருந்த விமானி, மழை விட்டதும் 'என் நேரம் முடியப்போகிறது' என்று இறங்கிப் போவதைப் பார்த்துப் பயணிகள் கொதித்துப் போவார்கள். இரவு முழுக்கக் கண் விழித்த ஓட்டுநரிடம் ஆம்னி பஸ்ஸைக் கொடுத்து மலைப்பாதையில் ஓட்டச் சொன்னால் நீங்கள் அதில் ஏறுவீர்களா?

மாற்று விமானி வீட்டிலிருந்து வர வேண்டும். அவர் வரும் சாலைதான் முழங்கால் நீரில் கிடக்கிறது. இதே நிலைதான் மற்ற பணியாளர்களுக்கும். 2023 மிக்ஜாம் புயலில் டிசம்பர் 4 காலையில் மூடிய நிலையம் மறுநாள் காலை 9 மணிக்குத்தான் திறந்தது. அத்தகைய நாள்களில் என் இடத்துக்கு வர வேண்டியவர் வேளச்சேரியில் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருப்பார். வர முடியாததற்கு மன்னிப்புக் கேட்டுப் போன் செய்வார். அப்போது ஒரே ஷிஃப்ட் இரண்டாகும். ஈரச் சாக்ஸோடு, பிஸ்கட் பாக்கெட்டைப் பங்கிட்டுக்கொண்டு, நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு அரை மணி நேரம் கண்மூடியவர்கள்தான் காலையில் முகம் கழுவிக்கொண்டு உங்கள் முன் வந்து நிற்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளும் நீர் புகுந்திருக்கும்.

ஏப்ரனும் உடனே தயாராகிவிடாது. புயலுக்கு முன்பே ஏணிகள், பெட்டி வண்டிகள், கன்டெய்னர்கள் எல்லாவற்றையும் கயிறும் பெல்ட்டும் போட்டுக் கட்டியிருப்பார்கள். காற்றில் தானாக உருண்டுபோகும் ஓர் இரும்பு ஏணி, விமானத்தின் வயிற்றில் இடித்தால் அந்த விமானம் பல நாள் பறக்காது. பறந்துபோக முடிந்த விமானங்களை முன்கூட்டியே வேறு ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். அவை திரும்பி வர வேண்டும். கட்டியதை அவிழ்க்க வேண்டும். ஒரு ஜீப் ஓடுபாதையின் முழு நீளத்துக்கும், மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல், மெல்ல ஊர்ந்து போகும். உள்ளே இருப்பவர்கள் தகரத் துண்டு, மரக்கிளை, விளக்கின் உடைந்த கண்ணாடி என்று ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டால் ஒரு சின்ன ஆணி போதும்.

பிறகுதான் வரிசை. பாதை திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்ப முடியாது. ஒரு விமானம் எழுப்பிய காற்றுச் சுழல் அடங்க இடைவெளி விட்டுத்தான் அடுத்ததை விடுவார்கள். கல்யாணப் பந்தியில் இலை போட்டுப் பரிமாற ஒரு நேரம் பிடிப்பதைப்போலத்தான். பசி எவ்வளவு இருந்தாலும் பந்தி ஒவ்வொன்றாகத்தான் நடக்கும்.

ஆக, வானிலையால் ஏற்படும் முதல் தடை சில மணி நேரம்தான். அது கலைத்துப்போட்ட விமானம், விமானி, இடம் மூன்றையும் மறுபடி ஓரிடத்தில் சேர்ப்பதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகிறது.

கவுன்டரில் என்ன கேட்கலாம்?

"எப்போது கிளம்பும்?" என்று கேட்டால் கவுன்டரில் இருப்பவரிடம் திட்டவட்டமான பதில் இருக்காது. திரையில் தெரியும் நேரம் மேலே சொன்ன அத்தனை பேரும் 'சரி' சொல்வார்கள் என்ற எதிர்பார்ப்பில் போட்டது. அது மாறிக்கொண்டே இருக்கும்.

அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எங்கள் விமானம் இப்போது எந்த ஊரில் நிற்கிறது? இதை ஓட்ட வேண்டிய விமானிகள் வந்துவிட்டார்களா, அவர்களுக்கு இன்னும் எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது? ஓடுபாதை திறந்திருக்கிறதா, ஏப்ரனில் வேலை நடக்கிறதா? இவற்றுக்குப் பெரும்பாலும் நேரான பதில் கிடைக்கும். விமானம் கேட்டிலேயே நின்று, விமானிகளும் வந்து, மின்னலுக்காக மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் இடத்தை விட்டு நகராதீர்கள், திடீரென்று கூப்பிடுவார்கள். விமானமே வேறு ஊரில் இருக்கிறது, விமானிகளின் நேரமும் முடிகிறது என்றால், அன்றிரவு அது பறக்கும் என்று நம்பிக் காத்திருப்பதைவிட டிக்கெட்டை மாற்றுவதே நல்லது. விமானம் ரத்தானால், வானிலைக்காக இழப்பீட்டுத் தொகை கிடைக்காது. ஆனால் மாற்று விமானத்தில் இடமோ முழுப் பணமோ கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. எது வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

உங்களோடு சர்க்கரை நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குளிரில் வைக்க வேண்டிய இன்சுலினுக்கும் பால் கரைக்க வெந்நீருக்கும் வழி செய்ய எங்களால் எப்போதும் முடிந்திருக்கிறது, நள்ளிரவு இரண்டு மணிக்குக்கூட.